புகைக்கும் ஒரு கணக்கு உண்டு

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர்க்கு இரண்டு கவலைகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று தீபாவளிச் செலவு. மற்றொன்று வானத்தை மூடும் புகை. முன்னது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பின்னதோ குளிர் முற்றும் வரையில் நம்மை விட்டகலுவதில்லை. குழந்தைகளின் இருமல், முதியோரின் மூச்சுத் திணறல், பள்ளிக்கூடங்களுக்குத் திடீர் விடுமுறை, சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடத்தல் ஆகிய இவை யாவும் நாம் ஆண்டுதோறும் காண்பவையே.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் விடைகளுக்குக் குறைவில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உழவர்கள் வைக்கோலைக் கொளுத்துவதே காரணம் என்பர் ஒரு சாரார். நகரத்து மோட்டார் வண்டிகளும் ஆலைகளுமே காரணம் என்பர் மற்றொரு சாரார். குற்றம் சாட்டுவது எளிது. அளந்து சொல்வது அரிது. அரிசியை நிறுக்கத் தராசு உண்டு. பாலை அளக்க ஆழாக்கு உண்டு. காற்றிலே கரைந்து மறையும் புகையை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது? இலை விடும் மூச்சை எந்தப் படியால் அளப்பது?

இக்கேள்விகளுக்கு விஞ்ஞானிகள் கண்ட விடைகள் வியப்பூட்டுபவை. அளவை தவறினால் ஒரு நாட்டின் மீதே வீண்பழி விழக்கூடும் என்பதையும், அப்படி விழுந்த பழி ஒன்றை நம் நாட்டு அறிஞர்கள் அளந்தே துடைத்த வரலாற்றையும் நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

செடிகள் விடும் மூச்சு

தாவரங்கள் பகலில் கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால் அவை வெளியிடுவது பிராணவாயு மட்டுமன்று. துளசியைக் கடந்து செல்லும்போது மணம் வீசுகிறதே, யூகலிப்டஸ் தோப்பில் நுழைந்தவுடன் மூக்கில் ஏறுகிறதே, அந்த மணங்கள் யாவும் இலைகளினின்றும் காற்றில் கலக்கும் ஆவிகளே.

மரங்கள் அடர்ந்த மலைகளின் மேல் தொலைவில் நீலநிறப் புகார் ஒன்று படர்ந்திருப்பதைக் காணலாம். ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ஃப்ரிட்ஸ் வென்ட் 1960ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் கூறினார். மரங்கள் வெளியிடும் ஆவிகள் சூரிய ஒளியில் மாறுதலடைந்து நுண்துகள்களாகின்றன. அத்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதாலேயே நீலநிறம் தோன்றுகிறது என்றார் அவர். நம் நீலகிரிக்கு அப்பெயர் வந்தது குறிஞ்சி மலரால் என்பாரும் உளர், நீலப் புகாரால் என்பாரும் உளர்.

நம் மூக்குக்கு எளிதில் எட்டாத ஆவிகளும் இலைகளினின்றும் வெளிவருகின்றன. அவற்றுள் தலையாயது ஐசோப்ரீன் என்பது. உலகத் தாவரங்கள் அனைத்தும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் ஐசோப்ரீனை வெளியிடுவதாக இன்று மதிப்பிடுகின்றனர். வெயிலும் வெப்பமும் மிகுந்தால் இது மிகும்; இரவில் நின்றுவிடும். தூய காட்டில் இதனால் தீங்கில்லை. மோட்டார் வண்டிகளின் புகையோடு சேர்ந்து வெயிலில் காயும்போதுதான், மூச்சுக் குழாயைத் தாக்கும் ஓசோன் உண்டாகிறது. ஆகவே நகரங்களில் எந்த மரம் எவ்வளவு ஐசோப்ரீன் விடுகிறது என்று அறிவதும் அவசியமாயிற்று. இந்திய மரங்கள் விடும் ஐசோப்ரீனை அளந்து, தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளை 2003இல் வெளியிட்டனர்.

அளக்கும் முறை எளிய கருத்தின் மேல் அமைந்தது. மரக்கிளை ஒன்றை ஒளி புகும் பையினுள் அடைத்து, ஒருபுறம் தூய காற்றைச் செலுத்துவர். மறுபுறம் வெளிவரும் காற்றைச் சோதிப்பர். உள்ளே சென்றதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வேற்றுமையே இலையின் கொடை. ஒரு தோப்பு முழுவதையும் அளக்க வேண்டுமானால் உயரமான கோபுரம் ஒன்றை நிறுவி, மேலெழும் காற்றில் ஆவி எவ்வளவு, கீழிறங்கும் காற்றில் எவ்வளவு என்று விநாடிக்குப் பத்து முறை அளவில் குறித்துக்கொண்டே வருவர். இல்லத்தரசி வரவு செலவு எழுதி மாத முடிவில் மிச்சம் காண்பது போன்றதே இதுவும்.

நெல்வயலின் மீது விழுந்த பழி

இனி நம் நாட்டைப் பற்றிய வரலாற்றுக்கு வருவோம்.

நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் பிராணவாயு இராது. அத்தகைய இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அவ்வாயுவின் பெரும்பகுதி நெற்பயிரின் வேர் வழியே புகுந்து, தண்டினுள் உள்ள காற்றறைகள் வழியாக மேலேறி வெளியே வருகிறது. நெற்பயிர் ஈண்டு புகைபோக்கி போலப் பணி செய்கிறது எனலாம். பூமியைச் சூடேற்றும் வாயுக்களுள் கரியமில வாயுவுக்கு அடுத்த இடம் மீத்தேனுக்கே உரியது.

1990ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மதிப்பீட்டை முன்வைத்தது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுகின்றன என்பது அது. அதே காலத்தில் வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று, பூமியைச் சூடேற்றுவதில் முன்னிற்கும் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் சேர்த்தது. அவ்வறிக்கையை மறுத்து அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும் 1991இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஏழை உழவன் தன் உணவுக்காகப் பயிரிடும் நெல்லையும், செல்வர் தம் சுகத்துக்காக ஓட்டும் காரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகுமா என்பது அவர்கள் எழுப்பிய வினா.

நீதியின் வினா ஒருபுறம் இருக்க, 3 கோடியே 78 லட்சம் என்னும் எண்ணே சரிதானா என்ற ஐயமும் எழுந்தது. அவ்வெண் நம் வயல்களில் அளந்து கண்டதன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சில வயல்களில் கண்ட அளவை எடுத்து, நம் நாட்டு நெற்பரப்பால் பெருக்கிக் கண்டது.

அக்காலத்தில் இதனை நேரில் அளந்து காண முற்பட்டது, கரோல்பாகிற்கு அண்மையில் பூசா வட்டாரத்தில் அமைந்த தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். வத்திராயிருப்பில் பிறந்த தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த நிறுவனம் அது என்பது நமக்குப் பெருமை தருவதாகும். வானிலை மண்டல ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஆஷேஷ் பிரசாத் மித்ரா அவர்களின் தலைமையில் 1991இல் நாடு தழுவிய அளவெடுப்பு நடைபெற்றது. பல ஆய்வு நிலையங்களின் விஞ்ஞானிகள் பல மாநிலங்களில், பலவகை வயல்களில் இறங்கினர்.

அவர்கள் எடுத்துச் சென்ற கருவி மிக எளியது. கண்ணாடி போன்ற பெர்ஸ்பெக்ஸ் பெட்டி ஒன்றைச் சில நெற்குத்துகளின் மேல் கவிழ்ப்பர். காற்று கசியாதபடி அடிப்புறம் நீரால் அடைபட்டிருக்கும். சில நிமிட இடைவெளி விட்டு, மருத்துவர் ஊசி போடப் பயன்படுத்தும் குழாய் போன்றதொன்றால் உள்ளிருக்கும் காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுப்பர். ஆய்வுக்கூடத்தில் வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் அதனைச் செலுத்தினால், ஒவ்வொரு முறையும் மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். ஏறும் வேகத்தையும் பெட்டியின் கொள்ளளவையும் அது மூடிய நிலப்பரப்பையும் கொண்டு, ஒரு சதுர மீட்டர் வயல் ஒரு மணி நேரத்தில் விடும் மீத்தேனைக் கணக்கிடலாம். நாற்று நட்டது முதல் அறுவடை வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். முழங்கால் அளவு சேற்றில் நின்று செய்யும் விஞ்ஞானம் இது.

முடிவு என்ன? இந்திய நெல்வயல்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு வெளியிடுவது ஏறத்தாழ 40 லட்சம் டன் மீத்தேனே என்று அவர்கள் கண்டனர். முன்னர்ச் சொல்லப்பட்டதில் இது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு! காரணமும் விளங்கிற்று. நம் நாட்டின் சுமார் 4 கோடி ஹெக்டேர் நெற்பரப்பில் பெரும்பகுதி மேல்நாட்டு வயல்களைப் போல எப்பொழுதும் நீர் நிறைந்திருப்பதன்று. மானாவாரி நிலங்கள் பல. இடையிடையே வறளும் நிலங்கள் பல. நீர் வற்றினால் மண்ணில் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் மீத்தேன் குறையும்.

இவ்வகை நேரடி அளவைகளின் விளைவாக, உலக நெல்வயல்களின் மீத்தேன் அளவையும் திருத்த நேர்ந்தது. 1990இல் ஆண்டுக்கு 11 கோடி டன் என்று உலக அறிக்கை கூறியது. சில ஆண்டுகளுக்குள் அது 6 கோடி டன்னாக இறங்கியது. இன்றைய மதிப்பீடு சுமார் 3 கோடி டன்.

அளவை பழியைத் துடைத்ததோடு நிற்கவில்லை; வழியையும் காட்டிற்று. 40 லட்சம் டன் என்பதும் புறக்கணிக்கத்தக்க சிறு அளவன்று. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. ஆனால் காயவிடும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் மற்றொரு வெப்ப வாயு சிறிது மிகுகிறது. ஆதலால் அதையும் அளந்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்தே நன்மை தீமை கூற வேண்டும்.

தீயின் கணக்கு

வயலிலே பயிர் நிற்கும்போது வெளிவரும் வாயுவைப் பெட்டி கவிழ்த்து அளக்கலாம். அறுவடைக்குப் பின் அதே வயலில் தீ வைத்தால், அதன்மேல் எந்தப் பெட்டியைக் கவிழ்ப்பது?

தீயினால் காற்றில் கலக்கும் வாயுக்களை உலக அளவில் கணக்கிட்டுக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் பால் க்ரூட்ஸன். 1979இலும் 1980இலும் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் இத்துறைக்கு அடிகோலின. ஓசோன் பற்றிய ஆராய்ச்சிக்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. அவரும் அவர் தோழர்களும் வகுத்த வாய்பாடு இன்றும் வழங்குகிறது. எரிந்த பரப்பு எவ்வளவு. அப்பரப்பில் எரிபொருள் எவ்வளவு கிடந்தது. அதில் எத்தனை பங்கு எரிந்தது. ஒரு கிலோ எரிந்தால் எந்த வாயு எத்தனை கிராம் உண்டாகும். இந்நான்கையும் பெருக்கினால் விடை கிடைக்கும்.

உதாரணமாக ஓர் ஏக்கரில் 2 டன் உலர்ந்த வைக்கோல் எரிந்தது என்று கொள்வோம். ஒரு கிலோ வைக்கோல் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ எப்படி வரும் என்று ஐயுற வேண்டாம். வைக்கோலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவையும் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. எனவே ஓர் ஏக்கரில் சுமார் 3 டன் கரியமில வாயுவும், அதனுடன் 150 கிலோ அளவில் நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்ஸைடும் வெளிப்படும். கரியமில வாயுவை அடுத்த பயிர் மீண்டும் உட்கொண்டுவிடும். மோனாக்ஸைடையும் மீத்தேனையும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களையும் பயிர் மீட்டுக்கொள்வதில்லை. நம் நுரையீரலுக்குள் புகுவன அத்துகள்களே.

ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் என்று எவ்வாறு கண்டனர்? புகை முழுவதையும் பிடித்து நிறுக்க வேண்டியதில்லை என்பதே இதிலுள்ள நுட்பம். வைக்கோலில் இருந்த கரி எங்கும் மறைந்துவிட முடியாது. சாம்பலில் தங்கியது போக மற்றதெல்லாம் ஏதேனும் ஒரு வடிவில் புகையில் இருந்தே தீரும். ஆகவே புகையில் ஒரு சிறு பகுதியை எடுத்து, கரியமில வாயு, மோனாக்ஸைடு, மீத்தேன் ஆகியவற்றின் விகிதத்தைக் கண்டால் போதும். முழுக் கணக்கும் வந்துவிடும். ஒரு சோறு பதம் பார்க்கும் நம் வீட்டு முறையே இது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. நன்கு உலர்ந்த வைக்கோல் கொழுந்துவிட்டு எரியும்போது புகை குறைவு. ஈர வைக்கோல் கனன்று புகையும்போது மோனாக்ஸைடும் நுண்துகளும் பன்மடங்கு மிகும். எனவே வைக்கோல் எந்த நிலையில் எரிந்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

வானத்துக் கண்கள்

எரிந்த பரப்பைக் காண்பதற்குச் செயற்கைக்கோள்கள் துணை செய்கின்றன. 1999இலும் 2002இலும் ஏவப்பட்ட டெர்ரா, அக்வா என்னும் கோள்களும், 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்னும் கோளும் தரையில் தோன்றும் தீயின் வெப்பத்தை விண்ணிலிருந்து கண்டு குறித்தன. பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை இத்தகைய கோள்களின் துணைகொண்டு வைக்கோல் தீக்களை எண்ணி வெளியிடுகிறது. பஞ்சாபில் 2020இல் எண்ணப்பட்ட தீக்கள் சுமார் 83,000. 2022இல் சுமார் 50,000. 2024இல் சுமார் 11,000.

இவ்வெண்களைக் கண்டு மகிழ்வோம். ஆயினும் ஒரு கேள்வி கேட்போம். இக்கோள்களுள் முக்கியமானவை நம் தலைக்குமேல் கடப்பது பிற்பகல் 1.30 மணியளவில். 3 மணிக்குமேல் மூட்டிய தீயை அவை எப்படிக் காணும்? தென்கொரியாவின் கோள் ஒன்று நிலைத்த இடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசியாவைப் பார்க்கிறது. அதன் படங்களை ஆராய்ந்த நாசா விஞ்ஞானி ஒருவர், வயல்களில் தீ வைக்கும் நேரம் மாலையை நோக்கி நகர்ந்திருப்பதை 2024இல் சுட்டிக்காட்டினார். எரிந்து கருத்த நிலத்தின் பரப்பைத் தனியே அளந்தவர்களும், அது குறைந்திருப்பது உண்மையே, ஆனால் தீக்களின் எண்ணிக்கை குறைந்த அளவுக்குப் பரப்புக் குறையவில்லை என்று கண்டனர்.

நெல்வயல் வரலாற்றில் அளவை தவறியதால் பழி பெருகியது. இங்கோ அளவை தவறினால் தீமை சிறுத்துத் தோன்றும். இரண்டும் கேடே. கூடுதலாகச் சொன்ன எண்ணைத் திருத்திய அதே நேர்மையோடு, குறைவாகத் தோன்றும் எண்ணையும் திருத்துதல் நம் கடமை.

புகைக்குக் குலம் உண்டு

தில்லியின் புகையில் வயலின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் வழிகள் உள. தாவரம் எரியும்போது அசிட்டோநைட்ரைல் என்னும் வாயு வெளிவருகிறது. பெட்ரோல் வண்டியிலிருந்து அது மிகச் சொற்பமே வரும். ஆதலால் காற்றில் அது மிகுந்தால் எங்கோ வைக்கோலோ விறகோ எரிகிறது என்று துணியலாம். மொஹாலியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இம்முறையில் பஞ்சாபின் காற்றை ஆராய்ந்து வருகின்றனர்.

மற்றொரு வழி கரியின் வயதைக் காண்பது. அண்மையில் வளர்ந்த செடியிலுள்ள கரியில் கதிரியக்கக் கார்பன் 14 சிறிதளவு இருக்கும். பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்த பெட்ரோலிலும் நிலக்கரியிலும் அது அற்றுப்போயிருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் இராமநாதனும் க்ரூட்ஸனும் முன்னின்று 1999இல் நடத்திய இந்துமகா சமுத்திர ஆராய்ச்சி, தென்னாசியாவின் மேல் பரவிய பழுப்பு மேகத்தை உலகறியச் செய்தது. அம்மேகத்தின் கரித்துகளைப் பின்னர்க் கார்பன் 14 கொண்டு சோதித்து 2009இல் முடிவு கூறினர். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், வைக்கோல் போன்றவை எரிந்ததால் வந்தது. எஞ்சியது பெட்ரோல், டீசல், நிலக்கரியால் வந்தது.

தில்லியைப் பொறுத்தவரை, வைக்கோல் புகையின் பங்கு நாளுக்கு நாள் மாறுகிறது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் கணக்குப்படி 2024 நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அது நூற்றுக்கு 35 வரை உயர்ந்தது. காற்றுத் திசை மாறிய நாட்களில் ஒன்றிரண்டாகவும் தாழ்வதுண்டு. வைக்கோல் தீயே இல்லாத தை மாதத்திலும் தில்லியின் காற்று தூயதாக இருப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆக, இரு சாராரும் கூறுவதில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையைக் கொண்டு மறுபாதியை மறைப்பதே தவறு.

நாம் கொள்ள வேண்டியது

பஞ்சாப் உழவர் கேடு செய்ய விரும்பித் தீ வைப்பவரல்லர். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், நாற்று நடுவதைத் தள்ளிப்போடச் செய்தது. அதனால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு இடையே மிகச் சில வாரங்களே எஞ்சின. இயந்திரம் அறுத்துவிட்ட தாளை அகற்ற ஆளும் பொருளும் இல்லாதவர் கையில் எஞ்சுவது தீப்பெட்டி ஒன்றே. இதனை அறிந்தவர், அவரை வைவதைவிட, வைக்கோலுக்கு விலையும் கருவிக்கு உதவியும் கிடைக்கச் செய்வதே நெறி என்பர்.

நம் குடியிருப்புகளிலும் குளிர்காலத்தில் காவற்காரர் காய்ந்த இலைகளைக் குவித்துக் கொளுத்துவதைக் காண்கிறோம். தில்லியில் இதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்து, ரூ.5,000 தண்டமும் வகுத்தது. கொளுத்துகிறவர் குளிர் தாங்காத ஏழை. தண்டம் என்று அவரை அச்சுறுத்துவதினும் ஒரு கம்பளி கொடுப்பது மேல். குவிந்த இலையைக் குழியிலிட்டு மட்கச் செய்தால் தோட்டத்துக்கு உரமாகும்.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தரத்தக்கது மற்றொன்றும் உண்டு. ஒருவர் மீது பழி கூறும் எண்ணைக் கண்டால், இது எங்கே அளந்தது, யார் அளந்தது, எந்த நேரத்தில் அளந்தது என்று கேட்கப் பழக்க வேண்டும். பெருமை கூறும் எண்ணைக் கண்டாலும் அவ்வாறே கேட்கப் பழக்க வேண்டும். சேற்றில் இறங்கிப் பெட்டி கவிழ்த்தவர்கள் அக்கேள்வியைக் கேட்டவர்களே. அவர்கள் அளந்து தந்த எண்ணால் நம் உழவர் மீதிருந்த வீண்பழி நீங்கியது. தில்லியின் புகையையும் அவ்வாறே நேர்மையாக அளந்து, அளந்தபடியே நடந்தால், நம் குழந்தைகள் ஐப்பசி மாதத்திலும் சன்னலைத் திறந்துவைத்து உறங்கும் காலம் வரும்.